வேதச் சொற்களின் பூர்வோத்தரம்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கிறிஸ்தவ வேதத்தின் புதிய ஏற்பாட்டிலுள்ள சில கிரேக்கப் பெயர்களும் சொற்களும், அவைகளின் அர்த்தமும், அவை எங்கிருந்து வந்தன என்பதும் ஆகும். இதைக் கேட்டவுடன், "கிரேக்க பாஷை தெரியாத நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு? இது பண்டிதர்கள் வேலையல்லவா?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றுவதுதான் ஆபத்து என்பதை எடுத்துக்காட்டவே இன்று பேச வந்தோம். ஒரு சொல்லின் அர்த்தம் நமக்குத் தெரியாவிட்டால், அது தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்ளுகிறவன் வைத்ததுதான் அர்த்தம். அவன் வைத்ததுதான் சட்டம். இதற்கு 1500 வருஷத்துச் சரித்திரம் சாட்சியாக இருக்கிறது.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறோம். யாருடைய நம்பிக்கையையும் ஏளனம் செய்வது நமது நோக்கமல்ல. நாம் சொல்லப்போகும் சங்கதிகளைக் கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பண்டிதர்களேயாவர். ஆதலால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

குப்பைமேட்டில் கிடைத்த அகராதி

முதலாவது, அந்த வேதத்தின் பாஷை எப்படிப்பட்டது? பிளேட்டோவும் நாடகக் கவிகளும் எழுதிய கிரேக்கத்துக்கும் புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்துக்கும் வித்தியாசம் இருப்பதைப் பார்த்த பழைய பண்டிதர்கள், "இது மனிதர் பேசிய பாஷையல்ல, பரிசுத்த ஆவிக்கென்றே ஏற்பட்ட தனிப் பாஷை" என்றுகூடச் சொல்லி வந்தார்கள். அவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கையில், 1896-97-ல் கிரென்பெல், ஹண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் எகிப்து தேசத்தில் ஆக்ஸிரிங்கஸ் என்னும் பழைய ஊரின் குப்பைமேடுகளைத் தோண்டினார்கள். நாணற்பட்டையில் செய்த பாப்பிரஸ் தாள்கள் அங்கே ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் இருந்தவை எவை? வரி ரசீது, குத்தகைச் சீட்டு, கடன் பத்திரம், வீட்டுக்கு எழுதிய கடிதம், மனு, சலவைக்கணக்கு மாதிரியான சில்லறைக் குறிப்புகள். இவற்றையும் இவை போன்ற மற்றத் தாள்களையும் வேதத்தோடு ஒப்பிட்டு அடால்ப் டைஸ்மன் என்ற ஜெர்மானியப் பண்டிதர் எழுதினார். அவருடைய பெரிய நூல் 1908-ல் வெளிவந்தது. தனிப் பாஷை என்று சொல்லப்பட்டது அந்தக் காலத்துக் கடைத்தெரு பாஷைதான் என்பது அதன் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இரண்டு உதாரணம் பாருங்கள். பிறர் பார்க்கத் தர்மம் செய்கிறவர்கள் தங்கள் பலனை அடைந்தாயிற்று என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. அங்கே உள்ள கிரேக்கச் சொல் 'அப்பேக்கோ' என்பதின் ஒரு வடிவம். பாப்பிரஸ் ரசீதுகளின் அடியில், "பணம் பூராவும் பெற்றுக்கொண்டேன்" என்பதற்கு எழுதும் சொல் அதுதான். அதாவது, ஊரார் புகழ்ந்துவிட்டார்கள், ரசீது எழுதிக்கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது, இனி பாக்கி கேட்க வராதே என்று அர்த்தம். எந்தக் கடைக்காரருக்கும் விளங்கக்கூடிய கேலி இது.

இன்னொன்று 'அர்ரபோன்' என்ற சொல். பவுல் தமது நிருபங்களில் ஆவியை இச்சொல்லால் குறிக்கிறார். இது செமித்திய வியாபாரிகளிடமிருந்து கிரேக்கர் வாங்கிய வியாபாரச் சொல்; கிரயத்தின் முன்பணம் என்று பொருள். தமிழ் வேதாகமத்தில் இதற்கு 'அச்சாரம்' என்று போட்டிருக்கிறார்கள். வெகு சரியான மொழிபெயர்ப்பு! மாடு வாங்குகிறவனுக்கும் வீடு வாங்குகிறவனுக்கும் தெரிந்த சொல்லை எடுத்துத்தான் அவர் தமது மதத்தை விளக்கினார். கேட்டவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதே அவருடைய கவலையாயிருந்தது. புரியக்கூடாது என்ற கவலை பின்னால் வந்தவர்களுடையது.

பெயர்களின் கதை

அடுத்தபடியாகப் பெயர்களைப் பார்ப்போம். பைபிள் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுவோம். பாப்பிரஸ் வியாபாரத்துக்குப் பேர்போன பினீசியத் துறைமுகம் ஒன்றைக் கிரேக்கர் பிப்லோஸ் என்று அழைத்தார்கள். அது இன்றைய லெபனான் தேசத்தில் இருக்கிறது. தாளுக்கும் அந்தச் சொல்லே வழங்கியது. பிறகு புத்தகத்துக்கும் ஆயிற்று. 'தா பிப்லியா' என்றால் 'புத்தகங்கள்' என்று பன்மை. பல காலத்தில் பலர் எழுதிய பல புத்தகங்கள் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. லத்தீன்காரர்கள் அதை ஒருமையாக்கினார்கள். பன்மை ஒருமையானதும், பல பேருடைய எழுத்து ஒரே வாக்காகத் தோன்றலாயிற்று.

இயேசு என்ற பெயர் 'இயேசூஸ்' என்ற கிரேக்க வடிவத்திலிருந்து வந்தது. அதன் மூலம் 'யேசுவா' என்பது. 'யெகோசுவா' என்ற எபிரேயப் பெயரின் சுருக்கம். பழைய ஏற்பாட்டில் வருகிற யோசுவாவும் இதே பெயர்தான். கிரேக்கத்தில் இரண்டுக்கும் எழுத்து வித்தியாசமே கிடையாது. அதனாலேயே 1611-ல் வெளிவந்த ஆங்கில வேதத்தில் எபிரேயர் நிருபம் நாலாம் அதிகாரத்தில் யோசுவாவைச் சொல்ல வேண்டிய இடத்தில் இயேசு என்று அச்சாகியிருக்கிறது. அந்நாளைய யூதரிடையே இது நம்மூர் ராமசாமி, முருகன் மாதிரிச் சர்வசாதாரணமான பெயர். யூத சரித்திரக்காரரான ஜோசிபஸ் நூல்களில் இப்பெயருள்ளவர்கள் அநேகர் வருகிறார்கள். கொலோசெயர் நிருபத்தின் முடிவிலும் யுஸ்து என்ற மறுபெயருள்ள வேறொரு இயேசு வருகிறார்.

கிறிஸ்து என்பதோ பெயரே அல்ல, பட்டம். 'கிரியேன்' என்றால் எண்ணெய் பூசுதல். 'கிறிஸ்தோஸ்' என்றால் எண்ணெய் பூசப்பட்டவன். யூதர்கள் தங்கள் அரசனுக்கு முடிசூட்டும்போது தைலம் பூசுவார்கள். ஆதலால் 'மேசியா' என்ற எபிரேயச் சொல்லுக்கு இது நேர் மொழிபெயர்ப்பு. அந்த வழக்கம் இல்லாத கிரேக்கருக்கும் ரோமருக்கும் இது விளங்கவில்லை. 'கிரேஸ்தோஸ்' என்று வேறொரு சொல் உண்டு. நல்லவன், உபயோகமானவன் என்று பொருள். அடிமைகளுக்குச் சாதாரணமாக இடும் பெயர். ரோமச் சரித்திரக்காரரான சுவிடோனியஸ், கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்தில் ரோமாபுரியில் நடந்த யூதர் கலகத்தைச் சொல்லும்போது 'கிரெஸ்டஸ்' என்று எழுதுகிறார். கிறிஸ்துவைத்தான் அப்படி எழுதிவிட்டார் என்பது பல பண்டிதர்களின் அபிப்பிராயம்.

இன்னொரு விசேஷம் கவனிக்கத்தக்கது. நம் நாட்டில் ஒருவன் கிறிஸ்தவனானால் முதலில் மாறுவது பெரும்பாலும் அவன் பெயர்தான். முருகன் மைக்கேல் ஆகிறான்; லட்சுமி லூர்து மேரி ஆகிறாள். ஆதிக் கிறிஸ்தவர்கள் அப்படிச் செய்தார்களா? பவுலின் உத்தம நண்பர் எப்பாப்பிரோதீத்து. அப்ரோதீத்தே என்னும் காதல் தேவதையின் பெயர் அது. அப்பொல்லோ என்ற பிரசங்கியின் பெயர் அப்பொல்லோ தேவனைச் சேர்ந்தது. ஏதென்ஸ் நகரத்து தியொனீசியு, மதுவின் தேவனான டியோனிசசைச் சேர்ந்த பெயர். ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் ஹெர்மஸ், நேரேயு என்று தேவர்களின் பெயர்களையே உடைய கிறிஸ்தவர்கள் வருகிறார்கள். ஒருவராவது பெயரை மாற்றும்படி பவுல் எழுதவில்லை. கருத்து மாறினால் போதும், பெயர் மாற வேண்டியதில்லை என்பது அவர்கள் நடந்துகொண்ட விதத்திலிருந்தே தெரிகிறது.

ஒநேசிமு என்றொருவர் வருகிறார். அவர் பிலேமோன் என்ற எஜமானனின் அடிமை. 'ஒநேசிமோஸ்' என்றால் 'பிரயோசனமுள்ளவன்'. மாட்டுக்கு இடுவது போல எஜமானன் இட்ட பெயர். பவுல் அந்தப் பெயரை வைத்தே சொற்சிலேடை செய்து, முன்பு பிரயோசனமற்றிருந்தவன் இப்போது பிரயோசனமுள்ளவன் என்று எழுதுகிறார். சிலேடை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'அடிமைத்தனம் கூடாது' என்ற ஒரு வாக்கியம் அந்த நிருபத்தில் இல்லை. பிற்காலத்தில் அமெரிக்காவில் அடிமை வைத்திருந்தவர்கள் இதே நிருபத்தைத் தங்களுக்குச் சாதகமாகக் காட்டினார்கள்.

கண்காணி பிஷப் ஆன விதம்

நிற்க. இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 'எக்கிளேசியா' என்று ஒரு சொல். ஏதென்ஸ் நகரத்தில் குடிமக்கள் பினிக்ஸ் என்ற குன்றின்மேல் கூடி, கையைத் தூக்கிச் சட்டம் செய்த கூட்டத்துக்கு அதுதான் பெயர். அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில் எபேசு பட்டணத்தில் கூச்சல் போட்ட ஜனக்கூட்டத்துக்கும் இச்சொல்லே வருகிறது. தமிழில் 'சபை' என்றார்கள்; பொருத்தம்தான். ஆனால் ஐரோப்பாவில் இச்சொல் கோபுரத்துக்கும் சொத்துக்கும் அதிகாரத்துக்கும் பெயராகிவிட்டது.

'எபிஸ்கோபோஸ்' என்பதற்கு மேலே நின்று பார்க்கிறவன், மேற்பார்வைக்காரன் என்று அர்த்தம். ஏதென்ஸ் அரசாங்கம் தனக்குக் கீழ்ப்பட்ட ஊர்களுக்கு அனுப்பிய உத்தியோகஸ்தனுக்கு இந்தப் பெயர். இதுவே தேய்ந்து ஆங்கிலத்தில் 'பிஷப்' ஆயிற்று. தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். இந்தச் சொல்லுக்குக் 'கண்காணி' என்று ஒளிக்காமல் போட்டிருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்திலும் நம் மக்களை வேலை வாங்கியவனுக்கும் அதே பெயர்தான். அர்த்தத்தில் பிழையில்லை. ஆனால் எந்தப் பிஷப்பையாவது "கண்காணியாரே!" என்று கூப்பிட்டுப் பாருங்கள், என்ன மரியாதை கிடைக்கிறதென்று!

'பிரெஸ்பிட்டெரோஸ்' என்றால் வயதில் மூத்தவர், தமிழில் 'மூப்பர்'. ஆங்கிலத்தில் குருமாரைக் குறிக்கும் 'பிரீஸ்ட்' என்ற சொல் இதிலிருந்து பிறந்ததே. பலி செலுத்தும் புரோகிதனுக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் உண்டு, அது 'ஹியெரெயுஸ்'. யூத ஆசாரியரையும் சேயு தேவனின் பூசாரியையும் புதிய ஏற்பாடு இப்படிச் சொல்லுகிறதேயொழிய, தன் சபைகளில் வேலை பார்த்த எந்த உத்தியோகஸ்தரையும் இப்பெயரால் அழைக்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கியதால், ஊர்ப்பெரியவர் புரோகிதராகிவிட்டார். மூத்தவருக்கு வேண்டியது அனுபவம். புரோகிதருக்கு வேண்டியதோ பீடமும் காணிக்கையும்!

வில்லியம் டிண்டேல் என்ற ஆங்கிலேயர் இதைக் கண்டார். கிரேக்கத்திலிருந்து நேரே மொழிபெயர்த்து 1526-ல் ஜெர்மனியிலுள்ள ஒர்ம்ஸ் நகரத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். எக்கிளேசியாவுக்குக் 'கூட்டம்' என்றும், பிரெஸ்பிட்டெரோசுக்கு 'மூத்தவர்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களைப் போட்டார். அவ்வளவுதான்! புத்தகங்களைப் பிஷப்புகள் கொளுத்தினார்கள். தாமஸ் மோர் என்ற பேரறிஞர், 1529-ல் எழுதிய நூலில் இந்தச் சொற்களையே பெரிய குற்றமாக எடுத்துக்காட்டினார். டிண்டேல் மதத்துரோகி என்று தீர்மானிக்கப்பட்டு, 1536-ல் பிரஸ்ஸல்சுக்கு அருகே வில்வோர்டே என்ற ஊரில் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். அதன் பிறகு முதலாவது ஜேம்ஸ் அரசர் காலத்தில் 1611-ஆம் வருஷத்து வேதத்தைத் தயாரித்த பண்டிதர்களுக்குக் கொடுத்த விதிகளில் மூன்றாவது என்ன தெரியுமா? பழைய சபைச் சொற்களை அப்படியே வைக்க வேண்டும். எக்கிளேசியாவைக் 'கூட்டம்' என்று மொழிபெயர்க்கக் கூடாது என்பதுதான்! அர்த்தம் தெரியாததாலா இந்த விதி? தெரிந்ததால்தானே!

'மெட்டானோயா' என்பதன் கதையும் இப்படியே. மனம் மாறுதல் என்று பொருள். தமிழில் 'மனந்திரும்புதல்' என்றது மிகவும் சரி. ஆனால் லத்தீன் வேதத்தில் இருந்த வாசகத்தைப் 'பிராயச்சித்தம் செய்யுங்கள்' என்று அர்த்தப்படுத்தினார்கள். மனம் மாறுவதற்குப் பணம் வேண்டாம். பிராயச்சித்தத்துக்குக் குருவும் வேண்டும், செலவும் வேண்டும். அதிலிருந்து பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை வரை போயிற்று. 1516-ல் எராஸ்மஸ் கிரேக்க மூலத்தை அச்சிட்டு வெளியிட்டார். அடுத்த வருஷம் லூத்தர் வெளியிட்ட 95 வாதங்களில் முதல் இரண்டும் இந்த ஒரு சொல்லைப் பற்றியவையே. ஒரு சொல்லின் அர்த்தம் தெரிந்ததும் பாதி ஐரோப்பா போப்பின் கையை விட்டுப் போயிற்று.

தூதனுக்குச் சிறகு முளைத்த விதம்

'அங்கெலோஸ்' என்றால் செய்தி கொண்டுபோகிறவன். லூக்கா ஏழாம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானன் அனுப்பிய ஆட்களுக்கும் இச்சொல்லே. அவர்கள் கால்நடையாக வந்த மனிதர்கள். ஆங்கில வேதத்தில் இவர்களை ஆள் என்றும், மற்ற இடத்தில் தேவதூதன் என்றும் பிரித்தது மொழிபெயர்ப்பாளரின் பேனாவேயாகும். 'டியாபொலோஸ்' என்றால் கோள் சொல்லுகிறவன், அவதூறு செய்கிறவன். பிசாசுக்கு இது பெயர். முதலாம் தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்தில் ஸ்திரீகள் அவதூறு பேசக்கூடாது என்கிற இடத்திலும் இதே சொல்தான். அங்கே யாரும் "ஸ்திரீகள் பிசாசுகளாயிருக்கக் கூடாது" என்று மொழிபெயர்ப்பதில்லை. கோள் சொல்லுகிறவன் நம் தெருவிலேயே இருக்கிறான். அவனுக்குக் கொம்பும் வாலும் வரைந்து பாதாளத்தில் வைத்தது யார்?

நரகமும் அப்படியே. 'கெஹென்னா' என்பது இன்னோம் பள்ளத்தாக்கு என்ற எபிரேயப் பெயரின் கிரேக்க வடிவம். அது எருசலேம் நகரத்துக்குத் தெற்கே இன்றும் இருக்கிறது. யாரும் நடந்து போய்த் திரும்பி வரலாம். 'ஹாதெஸ்' என்பது கிரேக்கரின் இறந்தோர் உலகம். 'தார்த்தரோஸ்' அவர்களுடைய புராணத்துப் படுகுழி. இந்த மூன்றுக்கும் 1611-ஆம் வருஷத்து ஆங்கில வேதத்தில் ஒரே சொல்லைப் போட்டு, ஒரே நரகமாக்கிவிட்டார்கள்.

பெண்ணை ஆணாக்கிய எழுத்து

தாய்மார்களே! கடைசியாகச் சொல்லப்போவதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஏசாயா ஏழாம் அதிகாரத்தில் பிள்ளை பெறப்போகிற ஒரு பெண்ணைப் பற்றி வருகிறது. அங்குள்ள எபிரேயச் சொல் 'அல்மா'. இளம்பெண் என்று பொருள். கன்னிகைக்கு எபிரேயத்தில் 'பெத்தூலா' என்று வேறு சொல் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன்னமே அலெக்சாந்திரியா நகரத்து யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தபோது இந்த இடத்தில் 'பார்த்தெனோஸ்' என்று போட்டார்கள். அது பெரும்பாலும் கன்னிகையைக் குறிக்கும் சொல். மத்தேயு அதை எடுத்து எழுதினார். யூதர்கள் இதை அன்றே ஆட்சேபித்தார்கள். இரண்டாம் நூற்றாண்டிலேயே அகிலா என்பவர் இளம்பெண் என்ற வேறு கிரேக்கச் சொல்லால் திருத்தி மொழிபெயர்த்தார். 1952-ல் அமெரிக்காவில் வெளிவந்த திருத்திய ஆங்கில வேதத்தில் ஏசாயாவின் இடத்தில் 'இளம்பெண்' என்று போட்டதற்காக, வட கரோலினாவில் ஒரு பாதிரியார் அந்தப் பக்கத்தைப் பலரறியக் கொளுத்தினார். 1536-ல் மனிதனைக் கொளுத்தினார்கள். 1952-ல் காகிதத்தைக் கொளுத்தினார்கள். இவ்வளவுதான் முன்னேற்றம்!

பவுல் ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாள் என்ற ஸ்திரீயைக் கெங்கிரேயா சபையின் 'டியாகோனோஸ்' என்கிறார். அதே சொல் ஆண்களுக்கு வரும்போது பட்டமாகவும் பதவியாகவும் மொழிபெயர்க்கப்படுகிறது. இந்தப் பெண்ணுக்கு வரும்போது 1611-ஆம் வருஷத்து ஆங்கிலத்தில் 'வேலைக்காரி'! அடுத்தாற்போல் அதே அதிகாரம் ஏழாம் வசனத்தில் அந்திரோனிக்கு, யூனியா என்ற இருவரை அப்போஸ்தலருக்குள் பேர்பெற்றவர்கள் என்கிறார். யூனியா பெண் பெயர். ரோமாபுரிக் கல்வெட்டுகளில் ஏராளமாக இருக்கிறது. 'யூனியாஸ்' என்ற ஆண் பெயர் அந்தக் காலத்து எழுத்துகளில் ஒரு இடத்திலும் அகப்படவில்லை. நாலாம் நூற்றாண்டு இறுதியில் கிரேக்கத்தைத் தாய்ப்பாஷையாகக் கொண்ட யோவான் கிறிசோஸ்தம் பிஷப்பே, அப்போஸ்தலர் என்று சொல்லப்படும் யோக்கியதை பெற்ற பெண் என்று இவரைப் புகழ்ந்திருக்கிறார்.

பெண் எப்படி அப்போஸ்தலராயிருக்கலாம்? அந்த வாக்கியத்தில் பெயர் நிற்கும் வேற்றுமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எழுத்து ஒன்றே. உச்சரிப்புக் குறி ஒன்றுதான் வித்தியாசம். பழைய கையெழுத்துப் பிரதிகளில் குறியே கிடையாது. ஆகவே குறியை மாற்றி ஆணாக்கினார்கள். லூத்தரின் ஜெர்மானிய வேதத்தில் அவர் ஆண். உலகப் பண்டிதர்களெல்லாம் உபயோகிக்கும் நெஸ்லே கிரேக்கப் பதிப்பில் 1927 முதல் 1998 வரை அவர் ஆண். 1998-ல்தான் மறுபடியும் பெண்ணானார். அப்போஸ்தலருக்குள் பேர்பெற்றவர் என்று அர்த்தமல்ல, அப்போஸ்தலருக்கு நன்கு தெரிந்தவர் என்றுதான் அர்த்தம் என்று இப்போது வாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். வாதிக்கட்டும். ஆனால் அவர் பெண் என்பதை இன்று மறுப்பவர் மிகச் சிலரே. ஒரு சிறு கோட்டை மாற்றி ஒரு பெண்ணின் வேலையையும் பெருமையையும் இத்தனை காலம் மறைத்து வைக்க முடிந்ததென்றால், சொல்லின் அர்த்தம் யார் கையில் இருக்கிறது என்பது சாமானிய விஷயமா?

முடிவாக

தோழர்களே! இவைகளிலிருந்து என்ன ஏற்படுகிறது? இந்தச் சொற்களெல்லாம் மனிதர் வாயில் பிறந்தவை. ரசீதிலும் சந்தையிலும் ஊர்க்கூட்டத்திலும் தோட்டத்திலும் வழங்கியவை. அவை மேலுலகத்திலிருந்து இறங்கவில்லை; மேலே ஏற்றப்பட்டன. ஏற்றியவர்கள் ஏணியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பு என்பது அந்த ஏணியை மறுபடியும் சாத்துவதுதான். அதனால்தான் அதற்கு அத்தனை எதிர்ப்பு. 1714-15-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது முதல், நம் தமிழ் படித்தவர் எவரும் கண்காணி, மூப்பர், அச்சாரம், சாட்சி என்று வாசித்து விளங்கிக்கொள்ளலாம். விளங்கிக்கொண்ட பிறகும் கேளாமலிருப்பது நம்முடைய குற்றமேயாகும்.

ஆகவே, எந்த மதத்தின் எந்தப் புத்தகத்திலிருந்தானாலும் சரி, உங்களுக்கு விளங்காத ஒரு சொல்லை ஒருவர் சொன்னால், கைகூப்பி நிற்காமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தச் சொல் முதலில் எதற்கு வழங்கியது? இப்போதைய அர்த்தத்தை வைத்தவர் யார்? அதனால் லாபமடைந்தவர் யார்? நாம் சொன்னதையும் இந்த மூன்று கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். பாஷை தெரிந்தவர்களிடம் விசாரியுங்கள். புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.